டைனோசர்களை விண்கல் அழித்தது என்கிறார்கள். பூமியில் நடந்த மற்ற பேரழிவுகளுக்கும் அதுதான் காரணமா?

இல்லை. விண்கல் மோதியது என்று உறுதியாகச் சொல்ல முடிகிற பேரழிவு ஒன்றே ஒன்றுதான், நீங்கள் சொல்கிற அந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. ஐந்து பெரிய அழிவுகளில் மற்ற நான்குக்கும் அப்படி நம்பும்படியான தடயம் கிடைக்கவில்லை. போதாததற்கு, கனடாவில் மானிகுவாகன் என்ற இடத்திலும் சைபீரியாவில் போபிகாய் என்ற இடத்திலும் நூறு கிலோமீட்டர் அகலத்தை ஒட்டிய மோதல் பள்ளங்கள் இருக்கின்றன. அவை உண்டான காலத்தில் உலகளாவிய பேரழிவு எதுவும் நடக்கவில்லை. கல் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது.

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள டைனோசரை விட்டுவிட்டு பெர்மியன் கால முடிவுக்குப் போக வேண்டும். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது, கடல் இனங்களில் 80 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. அதற்கு முன் நடந்த அழிவுகளையெல்லாம் தாண்டி வந்த ட்ரைலோபைட்டுகள் என்ற ஓடுடைய கடல் உயிர்களின் கடைசி வகைகளும் அதோடு சரி. நிலத்தில் நம் ஊர்க் கதையும் உண்டு: ஜார்கண்டின் ஜாரியா, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் சுரங்கங்களில் வெட்டுகிற நிலக்கரி பெரும்பாலும் கிளாசாப்டெரிஸ் என்ற மரங்கள் நின்ற சதுப்புக் காடுகள் புதைந்து உண்டானது, அந்த மரங்கள் இந்த அழிவோடு ஏறக்குறைய மறைந்துவிட்டன, அதற்குப் பிறகு சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு உலகில் எங்குமே நிலக்கரிப் படுகை உருவாகவில்லை. நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இதற்குக் காரணமாக இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் காட்டுவது சைபீரிய எரிமலை வெடிப்புகளை. எரிமலை என்றதும் கூம்பு மலையை நினைக்க வேண்டாம், நிலம் நீளவாக்கில் பிளந்து, பல லட்சம் கன கிலோமீட்டர் லாவா பல லட்சம் ஆண்டுகளாக வழிந்தது. ஆனால் கொன்றது லாவா இல்லை. அழிவு தொடங்குவதற்கு முன்பே லாவாவில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது என்று காலக்கணிப்பு சொல்கிறது. அதற்கு அப்புறம் எரிமலைக் குழம்பு மேலே வராமல் பாறை அடுக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் பரவ ஆரம்பித்தது, அங்கே இருந்ததோ நிலக்கரி, உப்புப் படிவு, சுண்ணாம்புப் பாறை. இவை வெந்து கரியமில வாயுவும் மீத்தேனும், ஓசோனைத் தின்னும் குளோரின் சேர்மங்களும் கிளம்பின என்பதுதான் இப்போது வலுவாக இருக்கிற விளக்கம். வெப்பமண்டலக் கடல்கள் 10 டிகிரி வரை சூடேறின. சூடான சோடாவில் வாயு நிற்காது இல்லையா, அதே மாதிரி சூடான கடலில் ஆக்சிஜன் நிற்காது, மீனும் சிப்பியும் மூச்சுக்குத் திணறிச் சாகும். கூடவே நீரில் அமிலத்தன்மை ஏறியதால் பவளம் மாதிரி சுண்ணாம்பு ஓடு கட்டுகிற உயிர்களுக்குத்தான் அடி அதிகம்.

சீனாவின் மெய்ஷான் என்ற ஊரில் பெர்மியன் காலம் முடிந்த எல்லை பாறையில் அடுக்கடுக்காகத் தெரிகிறது, நடுநடுவே எரிமலைச் சாம்பல் அடுக்குகள். அதிலுள்ள, வயதைக் கணக்கிட உதவும் சிர்கான் என்ற தாதுப் படிகங்களை வைத்துக் கணக்கிட்டதில் அழிவின் முக்கியக் கட்டம் சுமார் 60,000 ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. புவியியல் கணக்கில் இது கண் மூடித் திறக்கும் நேரம். வேகம்தான் இங்கே முக்கியம், அதே அளவு வாயு ஒரு கோடி ஆண்டுகளில் மெல்ல வந்திருந்தால் பாறைகள் சிதையும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியிருக்கும், உயிர்களுக்கும் மாறிக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்கும். இன்று நாம் கரியமில வாயுவை வெளியேற்றுகிற வேகம் அன்றைய வேகத்தைவிட அதிகம் என்றே மதிப்பீடுகள் சொல்கின்றன.

மற்றவை சுருக்கமாக. 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்டோவிசியன் முடிவில் நேர்மாறாகக் குளிர் வந்தது, பனிப்படலம் வளர்ந்து கடல் மட்டம் இறங்கி ஆழமற்ற கடல்கள் வற்றின. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் டிரையாசிக் முடிவில் மறுபடியும் எரிமலை, அட்லாண்டிக் பெருங்கடல் பிளக்கத் தொடங்கிய இடத்தில். டெவோனியன் கால அழிவு பல கட்டங்களாக இழுத்தது, கடலில் ஆக்சிஜன் குறைந்ததற்குத் தடயம் நிறைய, அதைத் தூண்டியது எது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அடுத்து தக்காணத்தைக் கேட்பீர்கள். மகாராஷ்டிரத்தின் கருப்பு எரிமலைப் பாறை அடுக்குகளும் அதே டைனோசர் கால முடிவில் வழிந்த லாவாதான், அதனால் விண்கல்லா எரிமலையா என்ற சண்டை ஓயவில்லை. 2019இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் காலக்கணிப்பு வெளியிட்டன: பாறையில் சேர்ந்த ஆர்கான் வாயுவை அளந்து வயது பார்த்தவர்கள் லாவாவில் பெரும்பகுதி மோதலுக்குப் பிறகு வந்தது என்றார்கள், சிர்கான் பார்த்தவர்கள் மோதலுக்குச் சற்று முன்பே ஒரு பெரிய வீச்சு இருந்தது என்றார்கள். நான் இதில் விண்கல் பக்கம்தான், ஏனென்றால் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள், விண்கல் விட்டுப்போன இரிடியம் என்ற உலோகம் படிந்திருக்கும் அதே மட்டத்தில் சட்டென்று குறைந்துவிடுகின்றன, லாவா வழிந்த நீண்ட காலம் முழுக்கப் பரவலாகக் குறையவில்லை.