கேட்டால்தான் கிடைக்குமா?

கேள்வி: ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல், ‘எனக்கு நீதி கிடைக்கவில்லை’ என்று புலம்புவதில் என்ன நியாயம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கேட்காதவர் தலையில் பழியைப் போடுகிறீர்கள். இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 1986-லேயே தள்ளிவிட்டது.

அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவர் மீது ஒரு வழக்கு. மாறுதல் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி உதவிப் பொறியாளரை மிரட்டினார் என்று. வக்கீல் வைக்க வசதியில்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் அவரால் முடியவில்லை. இரண்டாண்டு தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம், ‘வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லையே’ என்றது. நீங்கள் சொல்வதும் அதேதான். தலைமை நீதிபதி பி.என். பகவதியின் அமர்வு தண்டனையை ரத்து செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழையே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால் சட்ட உதவியே கேலிக்கூத்தாகிவிடும் என்றது தீர்ப்பு. ‘அரசு செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்று அவருக்குச் சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. பீகாரில் போலீசார் கைதிகளின் கண்களைப் பறித்த பாகல்பூர் கொடுமை வழக்கிலும் இதையே சொன்னார்கள்: முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே அந்தக் கடமை தொடங்கிவிடுகிறது, பணமில்லை என்று அரசு கையை விரிக்க முடியாது.

சென்ற ஆண்டு ஒரு தாலுகா கோர்ட் வளாகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேப்பமரத்தடி டைப்பிஸ்ட் முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஜீவனாம்ச வழக்கு. மடியில் மஞ்சப்பை, அதில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தார். தோட்டை அடகு வைத்து வக்கீலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம். அங்கிருந்து இருபதடியில், இலவச வக்கீல் ஏற்பாடு செய்து தரும் வட்ட சட்டப்பணிகள் குழுவின் அறை. பலகை இருந்தது, அதை மறைத்து பைக்குகள் நின்றன. காலையிலிருந்து எத்தனை கறுப்புக் கோட்டுகள் அவரைக் கடந்து போயிருக்கும்! ஒருவர்கூட அந்த அறையைக் காட்டவில்லை. மனு எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாயால் சொன்னாலே அங்கே எழுதிக்கொள்வார்கள்.

குறைகள் எனக்கும் தெரியும். சட்ட உதவி வக்கீல் வாய்தாவுக்கு வரவில்லை என்று எங்களுக்கே கடிதங்கள் வருகின்றன. அரசு தரும் கட்டணம் சொற்பம் என்று வக்கீல்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்காகக் கட்சிக்காரரிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் புகார் கொடுங்கள்.

‘ஏழைகளுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. உங்கள் தாயாருக்கும் சகோதரிக்கும் இந்த உரிமை உண்டு. கோர்ட் கட்டணமும் இதில் அடக்கம். 15100 என்ற எண்ணில் கேட்டுப் பாருங்கள். பத்திரிகை படிக்கும் உங்களுக்கே இது தெரியாமல் போயிருக்கிறது. அந்த அம்மாவிடம் போய், ஏன் கேட்கவில்லை என்று எப்படிக் கேட்பது? தோட்டுக்கு அவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.