திருவெம்பாவைக்கு ஊதச் சங்கு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? வலம்புரிதான் நல்லதா?

மார்கழித் திருவாதிரையோடு முடியும் அந்த 10 நாளும் விடியப்புறம் சேமக்கலத்தோடு (தட்டி ஒலிக்கும் வட்ட உலோகத் தட்டு) ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிற பொடியளில் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். பூசை அறையில் வைக்கத்தான் என்றால் எந்தச் சங்கும் போதும், மேலே வாசிக்கத் தேவையில்லை.

கடைக்காரர் முதலில் சங்கைக் காதில் வைத்துக் கடல் இரையுது பாருங்கோ என்பார். வெறும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாலும் அப்படித்தான் இரையும். அதை விட்டுவிட்டு ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கோ. உயிரோடு எடுத்த சங்கு கணீர் என்னும். செத்துச் சேற்றில் நெடுங்காலம் கிடந்தது மண்சட்டி போலச் சத்தம் தரும். அப்படிக் கிடந்ததில் கடற்பஞ்சு துளைத்த ஊசித் துளைகளும் இருக்கும். அதற்குத் தண்ணீர்ச் சோதனை: வாய் மேலே பார்க்கப் பிடித்துத் தண்ணீர் நிரப்பி, வெளியே நன்றாகத் துடைத்து, ஐந்து நிமிடம் பொறுங்கோ. நுனி வெட்டிய சங்கென்றால் ஓட்டையைப் பெருவிரலால் பொத்திக்கொள்ளுங்கோ. எங்கேயாவது கசிந்தால் காற்றும் அதனால் போகும். ஒன்றிரண்டு துளையைத் தேன்மெழுகால் அடைக்கலாம், சல்லடையாக இருந்தால் எடுக்காதேங்கோ.

பளபளப்பையும் நம்பாதேங்கோ. மேலே உள்ள மண்ணிறத் தோலை நீக்க அசிட்டில் போடுவார்கள். சங்கு முழுக்கச் சுண்ணாம்பு. அசிட் தோலோடு சங்கையும் தின்றுவிடும். தோலோடு மலிவாகக் கிடைத்தால் அதை வாங்கி, குளோரின் தண்ணீரில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேயுங்கோ.

6 அங்குலத்துக்குக் குறையாமல் எடுங்கோ. 4 அங்குலச் சங்கு கீச்சென்று கத்தும், பழகாதவருக்கு ஊதவும் வராது.

ஊதுவதற்கு ஓட்டை வெட்டுவதில்தான் பல சங்கு பழுதாகிறது. நீண்ட வால் பக்கம் வெறும் திறந்த வாய்க்கால், அதில் கை வைக்க வேண்டாம். வெட்ட வேண்டியது சுருள் தொடங்கும் கூர்முனையை. கால் அங்குலம் மட்டும் இரும்பறுக்கும் வாளால் அறுத்து, மிச்சத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கோ. நுனிச் சுருள்கள் உள்ளே சுண்ணாம்பால் அடைபட்டிருப்பது வழமை. 6 மில்லிமீற்றர் துளையாணியால் மெதுவாகத் திறக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் வெடிக்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டுங்கோ, இல்லாவிட்டால் சூட்டில் கீறல் விழும், தூளும் நெஞ்சுக்குள் போகும். ஓட்டை 12 முதல் 14 மில்லிமீற்றர் வந்ததும் நிறுத்திவிடுங்கோ. சின்னவிரல் நுனி நுழையும் அளவு அது. ஏனென்றால் நாதஸ்வரத்துக்குச் சீவாளி (வாயில் வைக்கும் நாணல் துண்டு) செய்கிற வேலையைச் சங்கில் உதடுதான் செய்கிறது. ஓட்டை அகன்றால் உதடு அதிராது, வெறும் மூச்சுத்தான் வரும். குறுகினால் தொண்டையை அடைத்த மாதிரி இருக்கும். வேட்டை நாய்களைக் கூப்பிட ஊதும் மாட்டுக்கொம்புக்கும் இதே கணக்குத்தான். அகலமாகிவிட்டால் விளிம்பைச் சுற்றி மெழுகு வைத்தோ பித்தளைப் பூண் போட்டோ குறுக்கலாம். கடைசியாக விளிம்பை 400ஆம் இலக்க அரத்தாளால் மழுக்குங்கோ, இல்லாவிட்டால் உதடு கிழியும்.

'எங்கட அப்பு கருங்கல்லில் தேய்த்தே ஓட்டை எடுத்தவர், இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு?' என்று கேட்க வருவீர்கள். கல்லில் தேய்ப்பது நல்ல முறைதான், நேரம் எடுக்கும், அவ்வளவே.

வலம்புரிக்கும் ஊதலுக்கும் சம்பந்தமில்லை. சுருள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாதம் ஒன்றுதான். கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கப் பிடித்தால் வழமையான சங்கு வலக்கைப் பக்கம் திறக்கும், வலம்புரி இடக்கைப் பக்கம். அமெரிக்கக் கரையில் இன்னொரு இனம் பிறவியிலேயே இடக்கைப் பக்கம்தான் திறக்கும். அதைத்தான் பலர் வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கோ. நம் கடல் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரிசையாக இருக்கும், அதில் அந்த வரிசை இல்லை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இப்போது சில கோயில்களில் பென் டிரைவில் சங்கொலி போட்டு ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். ஊதத் தெரிந்த பொடியள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் வாங்குவது என்று முடிவெடுத்ததே பெரிய காரியம்.

ஊதி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே தேங்கியது வடியும்வரை சுழற்றிச் சுழற்றிக் கவிழ்த்து வையுங்கோ. எச்சில் நின்றால் எறும்பு மொய்க்கும், அடுத்த நாள் விடிய முதல் ஊதல் கரகரக்கும்.