இறக்கை நுனியை யார் பார்ப்பது?

கேள்வி: கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும், பயணிகளை இறக்கும் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் விமானத்தை நிப்பாட்டி வைத்திருந்தார்களாம், மகன் சொன்னான். ஏன்?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: பெரும்பாலும் பாதுகாப்புக்குத்தான் அம்மா. பெரிய விமானங்கள் பலவற்றில் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இறக்கை நுனி தெரியாது, அதனால் கைகாட்டி வழிநடத்தும் ஆளோ அதற்கான திரையோ தயாராகாமல் உள்ளே போக முடியாது. 2011 ஏப்ரலில் நியூயோர்க் கென்னடி விமான நிலையத்தில் ஏ380 என்ற மிகப் பெரிய பயணிகள் விமானம் ஒன்றின் இறக்கை நுனி, வாசலுக்காகக் காத்து நின்ற சின்ன விமானத்தின் வாலில் இடித்து அதை அப்படியே திருப்பிவிட்டது; நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. நின்ற பிறகும் அவசரப்படக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஆளையே உள்ளே இழுத்துவிடும். வயிற்றுப் பக்கம் மின்னும் சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் பொதி இறக்குபவர்கள் கிட்டப் போகலாம்.