மிரட்டல் பதிவு போட்ட 14 வயதுப் பையனைப் போலீஸ் விசாரிக்கலாமா?

விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். எப்படி என்பதுதான் முக்கியம்.

முதலில் பதிவைப் படிக்க வேண்டும். "எல்லாரையும் கொன்னுடுவேன்" என்பது பெரும்பாலும் ஆத்திரத்தில் வந்த சொல். "வெள்ளிக்கிழமை, இரண்டாவது பீரியட், பின் கேட் வழியா" என்று நாளும் இடமும் இருந்தால் அன்றே விசாரிக்க வேண்டும். ஆயுதம் கைக்கு எட்டுமா, யாரையாவது நோட்டம் பார்த்தானா என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அதை வெட்டி ஒட்டியிருக்கலாம், கணக்கை வேறொருவர் திறந்திருக்கலாம். முழு உரையாடலும் நேரக்குறிப்போடு வேண்டும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் விசாரணை அறையில்தான். பையனைத் தனியாக உட்காரவைத்து, "ஒத்துக்கோ, வீட்டுக்குப் போயிடலாம்" என்றால் செய்யாததையும் ஒத்துக்கொள்வான். அந்த வயதில் நாளைய தண்டனையைவிட இந்த அறையிலிருந்து வெளியேறுவதே பெரிதாகத் தெரியும். குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (பிரிவு 40). பெற்றோரும் வழக்கறிஞரும் உடனிருக்க, வீடியோ பதிவோடு, "என்ன நடந்துச்சு, யார் மேல கோபம்?" என்று தொடங்குவதே சரி.

பெற்றோருக்கு ஒன்று: பதறிப்போய்ப் பதிவை அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்த குற்றம் சேர்ந்துகொள்ளலாம். பிள்ளைக்குச் சாதகமான முன்பின் பேச்சும் அதோடு போய்விடும்.