ஏ380 எங்கே நிற்கும்? விமான நிலையக் கேள்வி பதில்

சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) ராம்ப்பில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், பெரிய விமானங்களை உள்ளே வாங்கி வெளியே அனுப்பும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விமானம் தரையில் இருக்கும்போது நடக்கும் எதையும் கேளுங்கள். டிக்கெட் விலை, விசா கேட்காதீர்கள்.

பட்டர்வொர்த் தம்பி: அங்கிள், பினாங்கில் அந்த இரண்டு தள ஏர்பஸ் ஏ380 இறங்க முடியுமா? ஓடுபாதை நீளம் போதுமா?

இறங்க நீளம் தாராளம் தம்பி. பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஓடுபாதை 3,352 மீட்டர். சிக்கல் இறங்கிய பிறகுதான். இந்த விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 79.75 மீட்டர். டாக்ஸிவேயில், அதாவது ஓடுபாதைக்கும் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஊர்ந்து போகும் பாதையில், திரும்பும்போது அந்த முனை எதிலும் படக்கூடாது, நிறுத்த அவ்வளவு அகலமான இடம் வேண்டும், மேல்தளக் கதவுக்கு எட்டும் பாலம் வேண்டும், மிகப் பெரிய விமானங்களுக்கான 10ஆம் வகைத் தீயணைப்பு வசதி வேண்டும். இதெல்லாம் இல்லாத ஊரில் ஓடுபாதையை ஐந்து கிலோமீட்டர் போட்டாலும் வேலைக்காகாது. 2011 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஏ380 டாக்ஸிவேயில் போய்க்கொண்டிருந்தபோது, அதன் இறக்கை முனை ஒரு சின்ன ஜெட்டின் வாலில் பட்டு அந்த ஜெட்டையே சுழற்றிவிட்டது. 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு போயிங் 747, அகலம் குறைந்த டாக்ஸிவேயில் தவறிப் புகுந்து இறக்கையைக் கட்டடத்தில் செருகிக்கொண்டது. இரண்டு இடத்திலும் ஓடுபாதைக்கு ஒரு குறையும் இல்லை.

கிள்ளான் தங்கச்சி: அண்ணே, அவ்வளவு பெரிய விமானம் வந்து நின்றதும் கீழே என்ன நடக்கும்? உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

இதைத்தான் எதிர்பார்த்தேன் தங்கச்சி. முன்சக்கரம் மஞ்சள் கோட்டைப் பிடித்தபடி வரும். எதிரே உள்ள விளக்குப் பலகை விமானிக்கு இடமா வலமா, நிற்க இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்டிக்கொண்டே இருக்கும். இறக்கை முனைகளைப் பார்க்கக் கீழே ஆள் நிற்பார்கள். விமானம் நின்றுவிட்டது என்பதற்காக யாரும் ஓடக்கூடாது. என்ஜின் நான்கும் அடங்கி, வயிற்றுப் பக்கம் மின்னும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அதற்குள் பாயப் பார்த்த புதுப் பையன்களைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை, தரையிலிருந்து மின்சாரம். ஏ380இல் அதற்கு மட்டும் நான்கு இணைப்பு இருக்கிறது. பிறகு பாலங்கள்: வசதியுள்ள இடத்தில் கீழ்த்தளத்துக்கு இரண்டு, மேல்தளத்துக்கு ஒன்று. மேல்தளக் கதவு தரையிலிருந்து ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் அந்தப் பாலத்தை ஓட்டுபவர் நிதானமான ஆளாக இருக்க வேண்டும். தொட்டி நிறைய எண்ணெய் என்றால் 3 லட்சம் லிட்டருக்கு மேல். தரைக்கடியில் குழாய் இருப்பதால் சமாளிக்கிறோம், லாரி லாரியாகக் கொண்டுவந்து ஊற்றினால் விடிந்துவிடும்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தரையில் நடந்து படியேறும்போது தண்ணீர்ப் புட்டி மூடி, பிளாஸ்டிக் எதையும் கீழே விடாதீர்கள். 2000இல் பாரிஸில் கான்கார்டு என்ற அதிவேக விமானம் விழுந்ததற்குத் தொடக்கம் ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டை.

பூச்சோங் தம்பி: இறங்கியதும் நான்கு என்ஜினும் எதிர்ப்பக்கம் தள்ளித்தானே நிறுத்தும்?

உள்பக்கம் உள்ள இரண்டு மட்டும். 45 மீட்டர் அகல ஓடுபாதையில் வெளி என்ஜின்கள் இரண்டும் ஓரத்தைத் தாண்டி நிற்கும், அவையும் தள்ளினால் மண்ணும் கல்லும் கிளம்பி என்ஜினுக்குள் போகும். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், கீழே குப்பை போடாதீர்கள்.

காஜாங் ஐயா: கே.எல்.ஐ.ஏ. ஓடுபாதைகளின் நீளம் என்ன?

மூன்று உண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அடுத்து.

சுபாங் ஜெயா அண்ணன்: 2024 ஆகஸ்ட்டில் சுபாங் விமான நிலையத்துக்கு ஜெட் சேவை திரும்ப வந்துவிட்டது. ஓடுபாதையும் 3,780 மீட்டர். பெரிய விமானங்களையும் கொண்டுவந்தால் நாங்கள் சிப்பாங்வரை அலைய வேண்டாமே?

உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே கொண்டுவரலாம் அண்ணே, இரவு இரண்டு மணிக்கும் வரும், சம்மதமா?

சிப்பாங் தம்பி: எங்கள் தாத்தா காலத்துத் தோட்டங்களை எடுத்துத்தான் 1998இல் இங்கே திறந்தீர்கள். இப்போது தூரமாகப் போய்விட்டதா?

சுபாங் ஜெயா அண்ணன்: தோட்டக் கதை வேறு. லண்டன் காட்விக்கில் ஒரே ஓடுபாதையில் ஆண்டுக்கு 4 கோடிப் பேர் போகிறார்கள், நம்மால் முடியாதா?

சரி, இரண்டு பேரும் நிறுத்துங்கள். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த மக்கள் இழந்ததை யாரும் பேசுவதில்லை. காட்விக்குக்கு வருவோம். அங்கே பக்கத்திலேயே மாற்று ஓடுபாதை ஒன்று இருக்கிறது, ஆனால் பழைய ஏற்பாட்டில் முதன்மை ஓடுபாதை மூடினால்தான் அதைத் தொடுவார்கள். 2018 டிசம்பரில் டிரோன் பார்த்ததாகச் சொல்லி விமான நிலையத்தையே மூடியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இன்னொன்று, ஏ380 கிளப்பும் காற்றுச் சுழல். அதற்குப் பின்னால் இறங்கும் போயிங் 737 போன்ற சின்ன ஜெட் 7 கடல் மைல் தள்ளி வர வேண்டும், இரண்டு 737 என்றால் வழக்கமாக 3 போதும். ஒற்றைப் பாதையில் பெரிசையும் சின்னதையும் கலந்தால், பெரிசு ஒன்று வரும் நேரத்தில் சின்னது இரண்டு இறங்கியிருக்கும். சுபாங் சின்ன ஜெட்டோடு இருக்கட்டும்.

சுபாங் ஜெயா அண்ணன்: ஆனால் எக்ஸ்பிரஸ் ரயில் கட்டணம்...

அது ரயில்காரரிடம்.

ஈப்போ தம்பி: போயிங் 777-9 இறக்கையை மடிக்குமாமே, உண்மையா?

உண்மை, நல்ல கேள்வி. விரித்தால் 71.8 மீட்டர், மடித்தால் 64.8. 65 மீட்டருக்குள் அடங்கினால் இப்போதைய 777 நிற்கும் இடத்திலேயே நிறுத்தலாம், எந்த ஊரும் பாலத்தை இடிக்க வேண்டாம். ஏ380க்கு இந்த வசதி இல்லை, அதை 80 மீட்டருக்குள் அடக்கத்தான் இறக்கையைக் குறுக்கினார்கள்.

ஜோர்ஜ் டவுன் அம்மா: பினாங்கு ஓடுபாதை ஏ380க்கு நீளம் போதுமா?

முதல் பதில் அம்மா.

செர்டாங் தம்பி: ஏ380க்கு எவ்வளவு நீளம்...

முதல் பதில்!

ரவாங் அக்கா: மாற்று விமானத்தில் வந்தேன், பெட்டி வரவில்லை. வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பினால் போதுமா?

வீட்டுக்குப் போகாதீர்கள். பெட்டி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே கவுண்டர் இருக்கும், அங்கே புகார் எழுதிக் கொடுத்துக் கோப்பு எண் வாங்கிக்கொண்டுதான் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். அனைத்துலகப் பயணத்தில் பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். பெட்டியில் ஒட்டிய சீட்டின் மறுபாதி போர்டிங் பாஸில் இருக்கும், அதைக் கிழித்துத் தரையில் போட்டுவிடாதீர்கள்.