ஒடியல் பாயும் காகமும்: கேம் இயக்குநராக ஆசைப்படும் பிள்ளையின் அம்மாவுக்கு

அன்புள்ள தங்கச்சி,

போன கிழமை யாழ்ப்பாணத் திருநெல்வேலிக்கு, என்னிடம் மகனோடு வந்துபோன பிறகு, இரவு போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ரீச்சர், கேம் டிரெக்டர் என்று உண்மையாகவே ஒரு உத்தியோகம் இருக்கா, இல்லை இவன் எங்களைப் பேய்க்காட்டுறானா?" அவசரத்தில் "இருக்கு, இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டேன். அது போதாது. உங்களைப் போலப் பயந்துகொண்டிருக்கிற வேறு பெற்றோரும் வாசிக்கட்டும் என்று, பெயர்களை விட்டுவிட்டு ஆறுதலாக எழுதுகிறேன்.

நாட்டுக்கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை உங்களுக்குத் தெரியும்தானே. எல்லாப் பாத்திரத்தின் பாட்டும் அவருக்குப் பாடம். பகலில் கடலுக்கும் தோட்டத்துக்கும் போய்க் களைத்து வருகிறவர்களை வைத்து இரவிரவாகப் பழக்குவார். ஒருவனுக்குத் தாளம் பிடிபடாது. இன்னொருவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அரங்கேற்றத்துக்கோ நாள் குறித்தாயிற்று. கேம் இயக்குநரின் வேலை ஏறக்குறைய இதுதான். படம் வரைபவர், நிரல் எழுதுபவர், இசை போடுபவர், கதை எழுதுபவர், பிழை தேடுபவர் எல்லோருடைய தலைக்குள்ளும் ஒரே விளையாட்டை ஓடவைக்க வேண்டும். நேரம் போதாமல் வரும்போது எதை வெட்டி எறிவது என்று சொல்ல வேண்டியவரும் அவரே. நாள் முழுக்கக் கேம் விளையாடுகிற வேலை என்று மகனின் அப்பா நினைத்திருந்தால், அவர் கோபித்ததில் பிழையில்லை.

இந்த இடத்துக்கு எவரும் முதல் நாளே வருவதில்லை. அமெரிக்காவில் டிம் ஷேஃபர் என்று ஒரு மூத்த இயக்குநர் இருக்கிறார். மகனுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவர். 1989இல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் என்ற கேம் கொம்பனிக்கு விண்ணப்பித்தபோது போன் நேர்முகத்தில் வாய் தவறிவிட்டார். அவர்களுடைய கேம் ஒன்றை விளையாடியதாகச் சொன்னவர், களவாகப் பிரதி பண்ணிய வட்டில் மாற்றிப் போட்டிருந்த பெயரைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அனுப்பிய விண்ணப்பக் கடிதமே ஒரு சின்னக் கேம் மாதிரி இருந்தது. தான் அந்த வேலையைத் தேடிப் போய்ச் சேர்வதை, படமும் எழுத்துமாகக் கீறி அனுப்பினார். வேலை கிடைத்தது. நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதப் பழக்குகிறேன், அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்னும் ஆசையாக இருக்கும். வேலையைச் செய்வேன் என்று எழுதாமல், வேலையையே செய்து காட்டிய கடிதம் அது.

சேர்ந்தவுடனே அவர் இயக்குநராகவில்லை. முதலில் இன்னொருவரின் கேமில் வசனமும் நிரலும் எழுதினார். 1993இல் ஒரு நண்பரோடு சேர்ந்து ஒரு கேமை நடத்தினார், 1995இல்தான் தனியாக. 2000ஆம் ஆண்டில் டபுள் ஃபைன் என்ற சொந்த ஸ்ரூடியோவைத் தொடங்கும்போது பதினொரு வருட அனுபவம் கையில் இருந்தது. ஜப்பானின் கேம் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி இன்னும் பிந்தி வந்தவர். சமூக விஞ்ஞானம் படித்து, ஆரக்கிள் கொம்பனியில் வேலை பார்த்து, 29 வயதில் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஃப்ரொம்சொஃப்ட்வேர் என்ற கேம் கொம்பனியில் சேர்ந்தார். பத்து வருடத்தில், 2014இல், அதன் தலைவரானார். ஆகவே 16 வயதில் முடிவெடுக்காவிட்டால் பஸ் போய்விடும் என்று மகன் சொல்வதை நம்ப வேண்டாம்.

இனி ஸ்ரூடியோ. மகன் "நானே தொடங்குவேன்" என்று சொன்னபோது நீங்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர், ஆளுக்கு மாதம் ஒரு இலட்சம் ரூபாய், ஒரு கேம் முடிய ஒன்றரை வருடம் என்று வையுங்கள். சம்பளம் மட்டும் 90 இலட்சம். கேமை ஸ்டீம் என்ற, கேம் விற்கிற இணையத்தளத்தில் பத்து டொலருக்கு விற்றால் தளம் 30 வீதம் எடுக்கும், கைக்கு ஏழு டொலர். டொலர் 300 ரூபாய் என்று பார்த்தால், போட்ட சம்பளம் திரும்பி வரவே ஏறத்தாழ 4,300 பிரதிகள் விற்க வேண்டும். வரி, கழிவு விலை, வாங்கிய பிறகு திருப்பிக் கொடுப்பவர்கள், கரண்ட் பில் எல்லாம் இதற்கு மேல். அந்த ஒன்றரை வருடமும் வருமானம் இல்லை, சம்பள நாளான 25ஆம் திகதி மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். ஷேஃபரின் முதல் ஸ்ரூடியோ கேமை, பணம் போட்ட கொம்பனி 2004இல் நடுவழியில் கைவிட்டது. வேறொருவரைப் பிடித்து 2005இல் வெளியிட்டார். பாராட்டு நிறைய வந்தது, விற்பனை வரவில்லை. 2009இல் வந்த அடுத்த பெரிய கேமின் இரண்டாம் பாகத்துக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது அதுவும் நின்றுபோயிற்று. அப்போது ஸ்ரூடியோவைக் காப்பாற்றியது எது தெரியுமா? முன்பு இரண்டு கிழமை எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கொரு குட்டிக் கேம் செய்து பார்த்திருந்தார்கள். அந்தக் குட்டிக் கேம்கள் விற்கக்கூடிய சிறிய கேம்களாகின. பிறகு 2012இல் புதுக் கேம் ஒன்றுக்காக இரசிகர்களிடம் நான்கு இலட்சம் டொலர் கேட்டார், 33 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கேட்டதைப் போல எட்டு மடங்கு! அதற்குப் பிறகும் காசு போதாமல், கேமை இரண்டாகப் பிரித்து 2014இல் ஒரு பாதியும் 2015இல் மறு பாதியுமாக வெளியிட வேண்டி வந்தது. காசு கூடக் கூட அவர்களுடைய ஆசையும் கூடியது, அதுதான் காரணம். 2019இல் மைக்ரோசொஃப்ட் அந்த ஸ்ரூடியோவை வாங்கியது.

சம்பள வேலையும் கல்லில் எழுதியதில்லை. 2024 தொடக்கத்தில் மைக்ரோசொஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், சோனி 900 பேரையும் நிறுத்தின. இதை நான் மகனுக்கும் சொன்னேன். அதனால்தான் கேம் மட்டும் தெரிந்த பிள்ளையாக இல்லாமல், வேறு இடத்திலும் சோறு போடுகிற ஒரு கைத்தொழிலோடு அவன் போக வேண்டும் என்கிறேன்.

சரி, உங்கள் மகனைப் பற்றி. நீங்கள் வெளியே போனில் கதைத்துக்கொண்டிருந்த நேரம் மடிக்கணினியைத் திறந்து ஒரு கேமைக் காட்டினான். முற்றத்தில் ஒடியல், அதுதான் கிழித்த பனங்கிழங்கு, காயப்போட்ட பாய். காகம் வரும், கல்லெறிந்து கலைக்க வேண்டும். கல் விழுந்த பிறகு காகம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பறந்தது. "இது பிழையாகக் கிடக்கு" என்று தானே சொல்லி, நிரலில் 0.4 என்றிருந்த ஒரு எண்ணை 0.15 ஆக்கினான். இப்போது கல் பட்டதும் காகம் திடுக்கிட்டுப் பறந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி, அந்த கால் செக்கன் வித்தியாசம் பிழை என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இயக்குநருக்கு வேண்டிய கண் அது, அவனிடம் இருக்கிறது.

மூன்றாவது கட்டத்தில் கேம் நின்றுவிட்டது. மீதியை ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். வேறு யோசனை வந்துவிட்டதாம். கோப்புறையைத் திறந்து பார்த்தால் பதினான்கு கேம்கள், பதினான்கும் அரைகுறை. எனக்குக் கவலையாக இருப்பது இதுதான், கணிதப் புள்ளியோ கேம் பைத்தியமோ இல்லை. கூத்தை அரங்கேற்றாத அண்ணாவியாரிடம் யார் பழகப் போவார்கள்?

ஆகவே ரியூசனை நிறுத்த வேண்டாம், மடிக்கணினியைப் பூட்டவும் வேண்டாம். அடுத்த மூன்று மாதத்துக்குப் புதுக் கேம் எதுவும் தொடங்கக் கூடாது. காகக் கேமை முடிக்க வேண்டும்: தொடங்கும் திரை, ஐந்து கட்டம், ஒலி, முடிவு. பிறகு உங்கள் அயலில் உள்ள பத்துப் பேர் அதை விளையாடும்போது பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுத வேண்டும். கேம் செய்ய அவன் பாவிக்கிற கோடோ என்ற மென்பொருள் இலவசம், படம் செய்கிற பிளெண்டரும் இலவசம். ஒரு சதமும் செலவில்லை.

உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவையே எடுக்கட்டும். அவனுடைய கல் நேர்கோட்டில் பறந்தது. இணைந்த கணிதத்தில் எறியம், அதாவது எறிந்த பொருள் போகும் பாதை, படித்தால் அது வளைந்து விழும். காவியும் (வெக்டர்) அப்படித்தான், கேமுக்குள் நடக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் அது வேண்டும். இதைச் சொன்னபோது அவன் முதன்முறையாகக் கொப்பியை எடுத்தான். பெறுபேறு நன்றாக வந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ மொரட்டுவையிலோ கொழும்பிலோ கணினி படிக்கலாம். வெட்டுப்புள்ளி கை கொடுக்காவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தபடியே படிக்கலாம்.

"கேம் டிசைன் டிப்ளோமா" என்று விளம்பரம் பார்த்து உடனே காசு கட்டிவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளையை நானே அப்படி ஓரிடத்துக்கு அனுப்பினேன். ஒரு வருடம் முடிய அவனிடம் சட்டம் போட்ட சான்றிதழ் இருந்தது, காட்ட ஒரு கேம் இல்லை. அவனுடைய அம்மா காப்பு அடகு வைத்துக் கட்டிய காசு. விசாரிக்காமல் அனுப்பியது என்னுடைய பிழை, இன்றைக்கும் மனதை அறுக்கிறது. இப்போது எந்த இடமானாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, போன வருடப் பிள்ளைகள் முடித்த கேம்களை விளையாடிப் பார்க்கலாமா என்பது.

தமிழில் இதெல்லாம் நடக்குமா என்று மகனின் அப்பா கேட்டாராம். "வெண்பா" என்ற கேமை அவருக்குக் காட்டுங்கள். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, இட்லி அவிப்பதில் தொடங்குகிறது. டொரோண்டோவில் ஒரு சிறிய குழு செய்து 2023இல் வெளியிட்டது. அடுத்த வருடம் பிரித்தானிய பாஃப்டா கேம் விருதுகளில் அறிமுகக் கேமுக்கான விருதை வாங்கியது.

அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அவர் மகனோடு கதைத்து ஒன்பது நாள் என்றீர்கள். ஜப்பானில் சதோரு இவாட்டா என்ற பிள்ளை 1982இல் படிப்பை முடித்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு சின்னக் கேம் கொம்பனியில் சேர்ந்தபோது தகப்பன் ஆறு மாதம் அவரோடு கதைக்கவில்லை. தகப்பன் ஒரு நகரத்தின் மேயராக இருந்தவர். 1993இல் அந்தக் கொம்பனி கடனில் மூழ்கும் நேரம், 33 வயதில் அதன் தலைமைப் பொறுப்பு இவாட்டாவுக்கு வந்தது. ஒவ்வொரு ஊழியரையும் தனித்தனியே இருத்திக் கதைத்தார், சில வருடங்களில் கடனையும் கட்டி முடித்தார். 2002இல் நின்டெண்டோவின் தலைவரானார். நட்டம் வந்த 2014இல் தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து மகனோடு அப்பாவும் வரட்டும். மடிக்கணினி வேண்டாம், கேமை அப்பாவின் போனில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். நாலாவது கட்டத்தில் எத்தனை காகம் வருகிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
ரீச்சர்