மருந்து மண்ணில் எத்தனை நாள் இருக்கும்? – கேள்வி பதில்

(மண் ஆய்வகத்தில் பூச்சிமருந்து எச்சம் பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.)

அரை ஆயுள் 30 நாள் என்றால் 60 நாளில் மருந்து முழுக்கப் போய்விடுமா?

போகாது. 30 நாளில் பாதி மிஞ்சும், 60-ல் கால், 90-ல் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு), 120-ல் வீசம் (பதினாறில் ஒரு பங்கு). ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 நாள் ஆகும்.

அந்த 30 நாளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் ஐயா?

நல்ல கேள்வி. கார்பன்-14 என்ற கதிரியக்க அடையாளம் வைத்த மருந்தை மண்ணில் கலந்து, குடுவைகளில் போட்டு, இருட்டில் 20 டிகிரியில் வைப்போம். வழக்கமாக 120 நாள் வரை. மண்ணிலிருந்து கிளம்பும் கரியமில வாயு காரக் கரைசலில் போய்ச் சிக்கும். குறித்த நாட்களில் ஒரு குடுவையை எடுத்து, மண்ணைக் கரைப்பானில் குலுக்குவோம். கரைந்து வருவது மிஞ்சிய மருந்தும் அதன் சிதைவுப் பொருட்களும். எத்தனை முறை குலுக்கினாலும் மண்ணை விட்டு வராத ஒரு பங்கு உண்டு. அந்த மண்ணை எரித்து அதையும் அளப்போம். எல்லாவற்றையும் கூட்டினால் போட்ட அளவு ஏறத்தாழ வந்துவிட வேண்டும்.

இதில் கரியமில வாயுவாக வந்ததைத்தான் முழுக்க அழிந்தது என்று நம்பிச் சொல்லலாம். மண்ணோடு ஒட்டிக்கொண்டதையும் அழிந்த கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காணாமல் போனது வேறு, அழிந்தது வேறு.

எண்டோசல்பான் சீக்கிரம் சிதையும் என்று படித்தேன். பிறகு ஏன் தடை?

அடித்த மருந்து சிதைவது உண்மை. ஆனால் மண்ணில் அது எண்டோசல்பான் சல்பேட்டாக மாறுகிறது. அது லேசில் போகாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மண்ணில் அரை ஆயுள் 9 மாதம் முதல் 6 வருடம் வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2011-ல், லேசில் சிதையாத நஞ்சுகளைத் தடுக்கும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்தது. அதே வருடம் நம் உச்ச நீதிமன்றமும் தடை போட்டது.

சல்பேட் வேறு பொருள்தானே ஐயா? அதை மருந்தின் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

நியாயம்தான் தம்பி. விஷத்தில் அது மூல மருந்துக்குச் சளைத்ததில்லை. மருந்து அடிக்காவிட்டால் அது அந்த மண்ணுக்கு வந்தே இருக்காது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் 2000 வரை எண்டோசல்பானை வானிலிருந்து தெளித்தார்கள். அந்த ஊர்க்காரரிடம் போய் "மருந்து போய்விட்டது, இருப்பது வேறு பொருள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படிப் பார்த்தால் எல்லா மருந்தையும் தடை செய்ய வேண்டுமே?

வேண்டாம். சிதைவுப் பொருளும் சீக்கிரம் சிதைந்தால் கவலை குறைவு. பெயர் மாறிவிட்டது என்று விட்டுவிடாமல் அதையும் அளந்து பாருங்கள் என்பதுதான் என் வாதம்.

45 நாள் அரை ஆயுள் என்றால் 90 நாளில்…

முதல் பதிலைப் படியுங்கள். கால் பங்கு மிஞ்சும்.

லேபிளில் 20 நாள் என்றிருக்கிறது. எங்கள் நிலத்துக்கும் அதுதானா?

எந்த மண்ணில், என்ன சூட்டில், எவ்வளவு ஈரத்தில் வந்த எண் என்று கேளுங்கள். சூடு கூடினால் சிதைவு வேகமாகும். ஆனால் மண் காய்ந்து கிடந்தால் நுண்ணுயிர் வேலை செய்யாது. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் அந்த 20 நாளை நம்ப வேண்டாம்.

கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து கலந்த பாதரசத்துக்கு அரை ஆயுள் எவ்வளவு?

கிடையாது. பாதரசம் தனிமம், சிதையாது. இடம் மாறும், உரு மாறும். ஏரி வண்டலில் பாக்டீரியா அதை மீத்தைல் பாதரசமாக்கினால் மீனில் ஏறும். அள்ளி அகற்றினால்தான் அந்த இடத்தில் குறையும்.

மருந்து அடித்த கத்திரிக்காயை எப்போது பறிக்கலாம்?

அது காத்திருப்புக் காலம், மண்ணின் கணக்கு வேறு. லேபிளைப் பாருங்கள், இல்லையென்றால் வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

60 நாள் அரை ஆயுள் என்றால் 120 நாளில் தீர்ந்துவிடுமா?

கால் பங்கு மிஞ்சும் அம்மா. சிதைவுப் பொருளின் அரை ஆயுளையும் கேட்டு வாங்குங்கள்.